பதினாறு அங்குல முழம்

ஜனவரி 9

என் செல்ல மகள் குருவிக்கு,

அப்பா எழுதுகிறேன். யாரிடம் சொல்லி எழுத வைத்தீர்கள் என்று கேட்காதே. யாரிடமும் சொல்லவில்லை. இது என் கை, என் பேனா, என் எழுத்து. செங்கல் வைப்பதுபோல ஒவ்வொன்றாக எடுத்து, மட்டம் பார்த்து வைக்கிறேன். இந்தப் பத்தி வரை வருவதற்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. "எழுதறீங்களா, இல்ல செவுத்துக்குப் பூச்சு பூசறீங்களா?" என்று உன் அம்மா கேட்கிறாள். அவளுக்குப் பொறாமை.

நூலகத்துப் பின்னறையில் சொல்லித் தருபவர் யார் தெரியுமா? நம் பழைய தபால்காரர்தான். இருபது வருஷம் உன் கடிதங்களை எனக்குப் படித்துக் காட்டிய அதே மனிதர். "உங்க வீட்டு ரகசியமெல்லாம் சுமந்து சுமந்து எனக்கு முதுகு வளைஞ்சு போச்சு. இனிமே நீங்களே படிச்சுக்குங்க" என்கிறார். எழுபது வயதில் வகுப்பில் நான்தான் முதல் மாணவன். மொத்தம் நான்கு பேர் என்பதை நீ வெளியே சொல்லாதே.

போனில் பேசினால் போதாதா என்பாய். கான்கிரீட்டைக் குலுக்கி இறக்கும் வைப்ரேட்டர் இயந்திரம் பிடித்துப் பிடித்து என் காது போனது உனக்குத் தெரியும். உன் குரல் தகர டப்பாவில் கல்லைப் போட்டு உலுக்குவதுபோலத்தான் கேட்கிறது. காகிதத்தில் நீ தெளிவாகப் பேசுவாய்.

உனக்கு வேலை மாற்றம் என்று அம்மா சொன்னாள். அணுமின் நிலையத்தில் இப்போது எந்த அறை? அங்கே குளத்துச் சுவர் ஒன்று இருக்கும். அதைப் பூசிவிட்டு நான் இறங்கியபோது பெரிய அதிகாரி அதைத் தடவிப் பார்த்து, "யார் கை இது?" என்று கேட்டார். அன்றிலிருந்துதான் எனக்குக் கண்ணாடிக் கை என்று பெயர். இதை நூறு தடவை சொல்லியிருக்கிறேன். எழுதுவது இதுதான் முதல் தடவை.

நாங்கள் இருவரும் சுகம். உன் உடம்பு எப்படி? மாப்பிள்ளையும் குட்டியும் எப்படி? பெரிய பெரிய எழுத்தாக எழுது.

இப்படிக்குத் தன் பெயரைத் தானே எழுதத் தெரிந்த
அப்பா


ஜனவரி 20

அன்புள்ள அப்பாவுக்கு,

கடிதத்தைப் பிரித்ததும் அழுதுவிட்டேன். என்னமோ ஏதோ என்று அவர் கடையிலிருந்து ஓடி வந்தார். உங்கள் எழுத்தைக் காட்டினேன். "மாமா எழுத்துகூட ஒரு கோட்டுல நிக்குது, தூக்குக்குண்டு வச்சு எழுதினாரா?" என்று சிரித்தார். நாங்கள் மூவரும் நலம். குட்டிக்கு மட்டும் கொஞ்சம் சளி.

உங்களுக்கு ஒரு நல்ல செய்தி. எனக்குப் புதிதாகக் கொடுத்திருப்பது குளத்துப் பம்ப் அறை. என் நாற்காலிக்கு எதிரே இருப்பது உங்கள் சுவர்தான். எட்டு மணி நேரமும் அதைப் பார்த்தபடிதான் உட்கார்ந்திருக்கிறேன்.

சுவருக்கு அந்தப் பக்கம் ஆழமான குளம். உலையில் எரித்து முடித்த எரிபொருள் குச்சிகளைத் தண்ணீருக்குள் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். வெளியே எடுத்தாலும் அவை பல வருஷம் ஆறாது. தண்ணீர் மூடியிருக்கும் வரை பயமில்லை. அந்தத் தண்ணீரைச் சுற்ற வைக்கும் இரண்டு பம்புகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அளவுமானி முள் ஏறினாலோ இறங்கினாலோ எழுதி வைக்க வேண்டும். என் மேலதிகாரிக்கு நாங்கள் வைத்த பெயர் ‘பார்த்தாச்சு’. எதைச் சொன்னாலும் "பார்த்தாச்சு, பார்த்தாச்சு" என்பார். பார்த்தாரா என்று யாரும் பார்த்ததில்லை.

உங்கள் சுவர் இன்னும் கண்ணாடிதான் அப்பா. ஓரிடத்தில் மட்டும் உள்ளங்கை அளவு வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறது, வேலை முடிந்து வந்த உங்கள் சட்டை முதுகில் இருக்குமே, அதுபோல. உங்களுக்கும் அதற்கும் வியர்க்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அம்மாவின் முழங்கால் வலி எப்படி? உடனே பதில் போடுங்கள்.

உங்கள் குருவி


பிப்ரவரி 24

என் குருவிக்கு,

நலமா? குட்டியின் சளி விட்டதா? அம்மாவின் முழங்கால் அப்படியே இருக்கிறது.

பதில் தாமதமாகிவிட்டது. பேனா தீர்ந்துவிட்டது, பிறகு காகிதம் தீர்ந்துவிட்டது. வகுப்பில் இப்போது கணக்கும் சொல்லித் தருகிறார்கள். அடி, அங்குலம், முழம் எல்லாம் வாய்ப்பாடாக ஒப்பிக்கிறேன்.

சும்மா ஒன்று கேட்கிறேன். உப்புப் பூத்தது என்று எழுதியிருந்தாயே, அது எந்தப் பக்கம்? இரும்புப் படிக்கட்டு இறங்கும் மூலையிலிருந்து எவ்வளவு தூரம்? உயரம் எவ்வளவு, உன் நெஞ்சுக்கு வருமா? விரல் வைத்தால் காய்ந்திருக்கிறதா, ஈரமா? இல்லை, விரல் வைக்காதே. பார்த்தே சொல். தட்டியும் பார்க்காதே.

பூச்சு வேலை செய்தவனுக்கு இந்த மாதிரி விஷயங்களில் ஆசை, அவ்வளவுதான். வேறொன்றும் இல்லை. வேளைக்குச் சாப்பிடு.

அப்பா


மார்ச் 4

அன்புள்ள அப்பாவுக்கு,

ஒரு மாதம் நீங்கள் எழுதாததால் பயந்துவிட்டேன். அம்மாவுக்குப் போன் செய்தேன். "உங்கப்பாவா? பேனாவைக் கையில வச்சுக்கிட்டு செவுத்தையே பார்த்துட்டு உக்காந்திருக்காரு. சாப்பாடும் சரியா இறங்கல" என்றாள். பேனா தீரவில்லை போலிருக்கிறதே?

நீங்கள் கேட்டதற்குப் பதில். படிக்கட்டு மூலையிலிருந்து என் நடைக்கு ஆறேழு காலடி. நெஞ்சு உயரம். உங்களுக்கு எப்படித் தெரிந்தது? உள்ளங்கை அளவு இருந்தது சாப்பாட்டுத் தட்டு அளவாகிவிட்டது. ஈரம்தான். கீழே ஒரு கோடாக இறங்குகிறது.

‘பார்த்தாச்சு’விடம் சொன்னேன். "மழைக் காலத்துல எல்லாச் செவுரும் அப்படித்தாம்மா" என்றார். மழை நின்று இரண்டு மாதம் ஆகிறது என்றேன். "பார்த்தாச்சு" என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் ஓர் ஆள் வந்து சாம்பல் நிறப் பெயிண்ட் அடித்தார். ஆறாம் நாள் அது கொப்புளமாகக் கிளம்பிவிட்டது.

குளத்து நீர்மட்டம் தினமும் ஒரு நூலளவு குறைகிறது. ஆவியாகப் போகிறது என்று எழுதி வைக்கச் சொல்கிறார்கள். எழுதி வைக்கிறேன்.

உங்கள் உடம்புக்கு ஒன்றும் இல்லையே? இருந்தால் மறைக்காதீர்கள்.

குருவி


மார்ச் 10

குருவி,

நான் சுகம். உடம்புக்கு ஒன்றும் இல்லை.

அந்த அறையிலிருந்து வேறு வேலைக்கு மாற்றிக் கேள். கால் வலி என்று சொல், மூச்சுத் திணறுகிறது என்று சொல், என்ன பொய் வேண்டுமானாலும் சொல். மாற்றம் கிடைக்கும் வரை நாற்காலியைக் கதவுப் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார். ஏன் என்று கேட்காதே. அப்பா சொன்னால் கேட்பாய் அல்லவா?

அப்பா


மார்ச் 18

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அங்கே யாரும் நலமில்லை என்று எனக்குப் புரிகிறது.

நான் எழுந்து போனால் அந்த நாற்காலி காலியாக இருக்காது. இன்னொருத்தி வந்து உட்காருவாள். நாங்கள் நான்கு பேர் மாறி மாறிப் பார்க்கிறோம். அதில் ஒருத்தி ஆறு மாதக் கர்ப்பிணி. அவளை உட்கார வைத்துவிட்டு நான் கால் வலி என்று சொல்லவா?

சுவர் போனால் என்ன ஆகும் என்று வெல்டர் அண்ணனிடம் கேட்டேன். குளத்தின் உள்பக்கத் தகட்டைப் பழுது பார்ப்பவர் அவர். எப்போதும் ஏதாவது கேலி பேசும் மனிதர், அன்று கேலியில்லை. "தண்ணி இறங்கினா குச்சி வெளிய தெரியும். வெளிய தெரிஞ்சா யாரும் கிட்டப் போக முடியாது. கிட்டப் போக முடியலன்னா தண்ணி ஊத்தவும் ஆள் இருக்காது" என்றார். பிறகு, "காத்து எந்தப் பக்கம் அடிக்குதோ அந்தப் பக்கத்து ஊரெல்லாம் காலி" என்றார். காற்று எங்கள் குடியிருப்புப் பக்கம்தான் அடிக்கும் அப்பா. குட்டியின் பள்ளிக்கூடம் அங்கேதான்.

இத்தனை நாள் உங்கள் கடிதத்தைத் தபால்காரர் எழுதினார், என் கடிதத்தை அவரே படித்தார். இப்போது நமக்கு நடுவில் யாரும் இல்லை. கேட்கிறேன், சொல்லுங்கள். அந்தச் சுவரைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும்?

குருவி


ஏப்ரல் 2

என் மகளுக்கு,

நீயும் குட்டியும் மாப்பிள்ளையும் நன்றாக இருக்க வேண்டும். இந்தக் கடிதத்தை எழுதப் பதினோரு நாள் ஆயிற்று. எழுத்து வராமல் இல்லை.

முப்பத்தொரு வருஷத்துக்கு முன்னால். உனக்கு அப்போது ஏழு வயது. குளத்துச் சுவருக்குக் கான்கிரீட் போட்ட நாள் நல்ல வெயில். இரண்டு வைப்ரேட்டரில் ஒன்று பதினோரு மணிக்குக் கருகிவிட்டது. இன்னொன்றை வைத்து எவ்வளவுதான் குலுக்குவது? உள்ளே எலி நுழைய முடியாத அளவுக்குக் கம்பி. கலவை மேலேயே தங்கி இறுகிவிட்டது. மூன்றாம் நாள் அச்சுப் பலகையைப் பிரித்தோம். சுவரில் ஓர் ஓட்டை. ஒன்றரை அடி அகலம். கையை விட்டேன், தோள்வரை போயிற்று. கம்பை விட்டேன், அதுவும் போய் அந்தப் பக்கத்து இரும்புத் தகட்டில் ‘டங்’ என்று இடித்தது. இவ்வளவு கனமான சுவரில் அந்த இடத்தில் தகட்டுக்கு முதுகு கொடுக்க ஒன்றுமே இல்லை.

"சொல்லிடலாங்க. உடைச்சிட்டு மறுபடி போட்டுடலாம்" என்றேன். சத்தியமாகச் சொன்னேன், குருவி.

மேஸ்திரி, "உடைச்சா பதினஞ்சு நாள் போயிடும். நாளைக்குக் காலையில பெரிய அதிகாரி வர்றாரு. உனக்கென்னய்யா, இது என்ன உன் வீட்டுச் செவுரா?" என்றார். பிறகு அவர் குரலை இறக்கி, "நீ பூசினா எந்த அதிகாரி கண்ணுக்குத் தெரியும்? உன் கை எனக்குத் தெரியாதா?" என்றார். அதட்டினதற்கு நான் அசையவில்லை. இந்தப் புகழ்ச்சிக்கு விழுந்துவிட்டேன்.

காலி சிமெண்ட் சாக்குகளை நனைத்துச் சுருட்டி உள்ளே திணித்தோம். செங்கல் துண்டு, பலகைத் துண்டு எல்லாம் போட்டோம். மேலே இரண்டு அங்குலம் சாந்து. பூச்சை மட்டப்படுத்தும் மணியாசுக் கட்டையால் தேய்த்து, பழைய கான்கிரீட்டின் பலகைக் கோடுகளைக்கூட ஆணியால் கீறி ஒப்பேற்றினேன். மறுநாள் அதிகாரி தடவிப் பார்த்தது அந்த இடத்தைத்தான். "யார் கை இது? எல்லாரும் இதைப் பார்த்துக் கத்துக்குங்க" என்றார். எனக்குச் சிலிர்த்தது. ஒரு காகிதத்தில் கைநாட்டு வாங்கினார்கள். அதில் என்ன எழுதியிருந்தது என்று எனக்கு அப்போது படிக்கத் தெரியாது. தெரிந்திருந்தாலும் வைத்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

அந்தக் கதையை உனக்கு நூறு தடவை சொன்னேன், ஓட்டையை மட்டும் விட்டுவிட்டு.

இதை உன் மேலதிகாரிக்கு மேலே இருப்பவரிடம் கொடு. இடம் இதுதான்: படிக்கட்டு மூலையிலிருந்து பதினொரு முழம். ஓட்டை எங்கே என்று மேஸ்திரியிடம் சொல்ல அன்று நானே கையால் அளந்தேன், மறக்காது. இப்போது எனக்குக் கணக்கும் தெரியும் என்பதால் அவர்களுக்குப் புரிகிற மாதிரியே எழுதுகிறேன். பதினெட்டு அங்குலம் ஒரு முழம். ஆக நூற்றுத் தொண்ணூற்றெட்டு அங்குலம். மூன்று தடவை பெருக்கிப் பார்த்தேன். தரையிலிருந்து நெஞ்சு உயரம்.

கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இந்தத் தடவை கைநாட்டு இல்லை.

அப்பா


ஏப்ரல் 29

அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு மூன்று நாள் உங்கள்மேல் கோபமாக இருந்தேன். நான்காம் நாள் கடிதத்தை எடுத்துக்கொண்டு நிலையத் தலைவர் அறைக்குப் போனேன்.

துளை போட்டார்கள். போன வாரம். ஈரம் இப்போது கதவளவு பரவியிருக்கிறது, அதன் நடுவில் போடுங்கள் என்று கெஞ்சினேன். "கடிதத்துல என்ன அளவு இருக்கோ அங்கதான் போட அனுமதி" என்றார்கள். நூற்றுத் தொண்ணூற்றெட்டு அங்குலத்தில் டேப் வைத்துக் குறித்தார்கள். இரண்டடி ஆழம் போயும் நல்ல கான்கிரீட். கல்லுபோல வந்தது.

எல்லோரும் சிரித்தார்கள். "உங்கப்பாவுக்கு வயசு என்னம்மா? எழுதக் கத்துக்கிட்டதும் கதை எழுத ஆரம்பிச்சுட்டாரா?" என்று தலைவர் கேட்டார். ‘பார்த்தாச்சு’ என்ன சொன்னார் என்று நான் எழுத வேண்டியதில்லை. துளையை அடைத்து, சுவர் முழுவதும் பெயிண்ட் அடித்து, பரிசோதித்ததாக எழுதிவிட்டார்கள். இனிமேல் இதைப் பற்றிப் பேசினால் வேலை இருக்காது என்று ஒரு தாளில் என் கையெழுத்தும் வாங்கிவிட்டார்கள்.

உங்களுக்கு நினைவு தவறியிருக்கலாமோ என்று ஒரு நிமிடம் நானும் நினைத்தேன். பிறகு நாற்காலியில் வந்து உட்கார்ந்தேன். புதுப் பெயிண்ட் மேல் ஒரு துளி கோத்து நின்றது.

இரண்டு கேள்வி. இடம் நிச்சயமாகத் தெரியுமா? அது ஒன்றுதானா, அப்பா?

அம்மாவிடம் நான் நலம் என்று மட்டும் சொல்லுங்கள்.

குருவி


மே 5

என் குருவிக்கு,

சுகமாக இரு.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு வாசலில் உட்கார்ந்திருந்தேன். அம்மா வந்து, "என்ன, மறுபடியும் செவுத்தைப் பார்க்கறீங்க?" என்றாள். எல்லாவற்றையும் சொன்னேன். முப்பத்தொரு வருஷம் சொல்லாததை. அவள் திட்டவில்லை. "அளந்தது எந்தக் கை?" என்று மட்டும் கேட்டாள்.

இந்தக் கைதான் என்று நீட்டினேன். தையல் டேப்பைக் கொண்டு வந்து முழங்கையிலிருந்து விரல் நுனி வரை வைத்தாள். பதினாறு அங்குலம். "நீங்க என்ன ஆறடி ஆளா? உங்க சட்டைக்கு நான் எப்பவும் கையை மடிச்சுத் தானே தைப்பேன்?" என்றாள்.

புத்தகத்தில் பதினெட்டு என்று போட்டிருந்தது. அச்சில் வந்தது தப்பாக இருக்குமா என்று என் கையை நான் பார்க்கவே இல்லை. எழுபது வருஷம் என்னோடு இருக்கிற கை. இருபத்திரண்டு அங்குலம் தள்ளித் துளை போட வைத்துவிட்டேன்.

இந்த உறையில் ஒரு நூல் இருக்கிறது. அதுதான் என் முழம். படிக்கட்டு மூலையில் ஒரு முனையை வைத்துப் பதினொரு தடவை அள. அந்த இடத்தில் ஸ்பேனரால் மெதுவாகத் தட்டு. பக்கத்தில் தட்டினால் கணீர் என்று வரும். அங்கே பொத் என்று வரும். மெதுவாக, குருவி. பூச்சு இரண்டு அங்குலம்தான்.

மாப்பிள்ளையிடம் சொல்லிக் குட்டியை இங்கே அனுப்பிவிடு.

அப்பா


மே 30

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

குட்டி சேட்டை செய்கிறாளா? அவளிடம் இந்தக் கடிதத்தைக் காட்ட வேண்டாம்.

நூலை வைத்து அளந்தேன். தட்டினேன். பொத். பெட்டியைத் தட்டுவதுபோல இருந்தது.

மறுபடி துளை போடச் சொல்லிக் கேட்க இனி ஆள் இல்லை. வெல்டர் அண்ணனிடம் மட்டும் சொன்னேன். "உங்கப்பா முழம் பதினாறா? எங்க அப்பா கை பதினெட்டுக்கும் மேல, அந்த நீளத்துக்கும் சேர்த்து அடிப்பாரு" என்றார். ஆனால் மறுநாள் கைத்துளைக் கருவியை எடுத்து வந்துவிட்டார். மதியச் சாப்பாட்டு மணி அடித்ததும் போட்டோம். இரண்டு அங்குலம் இறங்கியதும் கருவி சரேல் என்று உள்ளே விழுந்தது. வெளியே இழுத்தபோது முனையில் ஈரச் சாக்கு நார். கறுத்து, முடிபோலச் சுற்றிக்கொண்டு வந்தது. பின்னாலேயே தண்ணீர், விரல் கனத்தில். மரக்கட்டை வைத்து அடித்து மூடினோம்.

இதைக் காட்டினாலும் "பார்த்தாச்சு" என்பார்கள். மறுபடி பெயிண்ட் அடிப்பார்கள். அதனால் நாரைக் கையுறை இல்லாமல் எடுத்து உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டேன். நேராக வெளி வாசலுக்குப் போனேன். அங்கே கதிர்வீச்சைப் பார்க்கிற இயந்திரம் இருக்கிறது. அதைத் தாண்டாமல் யாரும் வீட்டுக்குப் போக முடியாது. அது கத்தினால் யாராலும் அடக்க முடியாது. நேரமும் அளவும் தானாகவே அச்சாகி, அரசு மேற்பார்வை அலுவலகத்துக்கும் போய்விடும். வெல்டர் அண்ணன் பின்னாலேயே ஓடி வந்து, "வேணாம்மா, வேணாம்மா" என்றார். நான் உள்ளே காலை வைத்தேன்.

கத்திற்று அப்பா. நிற்கவே இல்லை.

இரண்டு நாளில் வெளியிலிருந்து பதினான்கு பேர் வந்தார்கள். பூச்சைப் பெயர்த்தார்கள். நீங்கள் எழுதியது எல்லாமே உள்ளே இருந்தது, பலகைத் துண்டுகூட. தகடு அந்தப் பள்ளத்துக்குள் வயிறுபோலப் பிதுங்கி, பற்றவைத்த தையல் ஒரு சாண் நீளம் விட்டிருந்தது. இன்னொரு மழைக் காலம் தாங்கியிருக்காது என்றார் வந்தவர்களில் ஒரு பெண் பொறியாளர். உலையை நிறுத்திவிட்டார்கள்.

என் கை நன்றாக இருக்கிறது. ஒரு வாரம் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார்கள், தோல் கொஞ்சம் போயிருக்கிறது, அவ்வளவுதான். இதை இடது கையால் எழுதுகிறேன். உங்கள் முதல் கடிதம்போல இருக்கிறதா?

இனி உங்களுக்குப் பயம் வேண்டாம். குச்சிகளை எல்லாம் பக்கத்திலுள்ள இரண்டாம் குளத்துக்கு மாற்றப்போகிறார்கள். முதல் குளம் கட்டின அடுத்த வருஷமே கட்டியது, ஒருநாளும் பயன்படுத்தாமல் காலியாகவே கிடந்தது. இப்போதுதான் முதல் தடவையாகத் தண்ணீர் விடுகிறார்கள். தினமும் இரண்டடி ஏறுகிறது. என்னை அந்தக் குளத்தின் கீழ் அறைக்கு மாற்றியிருக்கிறார்கள், பாதுகாப்பான இடம் என்று. ஞாயிற்றுக்கிழமைகூட எனக்கு முறை உண்டு. வடக்குச் சுவர் ஓரமாக மேசை போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். குளுமையாக இருக்கிறது.

நான் கேட்ட ஒரு கேள்விக்கு நீங்கள் பதில் எழுதவில்லை. மறந்திருப்பீர்கள்.

உங்கள் குருவி


ஜூன் 4, ஞாயிறு

குருவி,

உன் கடிதம் நேற்று மாலை வந்தது, இடது கை எழுத்தைக் கூட்டிப் படித்து முடிக்க விடிந்துவிட்டது. மறக்கவில்லை. ஒன்று என்றால் நீ மன்னித்துவிடுவாய் என்று நினைத்தேன். ஐந்து என்று எழுதக் கை வரவில்லை.

முதல் சுவருக்குப் புகழ் கிடைத்த பிறகு எங்கே ஓட்டை விழுந்தாலும், "கண்ணாடிக் கையைக் கூப்பிடு" என்பார்கள். நானும் போவேன். மூன்று ஓட்டைகள் சின்னவை, படிக்கட்டுச் சுவரிலும் நடைபாதையிலும். அவற்றைக் காகிதத்தின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். ஐந்தாவதுதான் எல்லாவற்றிலும் பெரியது. அது இரண்டாம் குளத்தின் வடக்குச் சுவர். அதற்குள் ஓர் ஆள் உட்காரலாம். நான் உட்கார்ந்தேன். உள்ளே இருந்தபடியே சாக்குகளை அடுக்கினேன். வெயிலுக்கு இதமாக இருந்ததால் கொஞ்ச நேரம் கண்ணைக்கூட மூடினேன்.

கீழ் அறைத் தரையிலிருந்து ஒன்பது முழ உயரம், கிழக்கு மூலையிலிருந்து பதினான்கு முழம். என் முழம். பதினாறு அங்குலம். அதாவது உயரம் பன்னிரண்டு அடி. காலியாகக் கிடந்ததால் முப்பது வருஷம் அந்தத் தகட்டை எதுவும் அழுத்தவில்லை. தினமும் இரண்டடி என்று எழுதியிருக்கிறாய். நீ எழுதிய நாளையும் சேர்த்து இன்று ஆறாம் நாள்.

தபால்காரர் விடிந்ததிலிருந்து போன் செய்துகொண்டிருக்கிறார். உன் போன் வாசலில் வாங்கி வைத்த பெட்டிக்குள் இருக்கும். குட்டியைக் கொண்டுவந்து விட்ட மாப்பிள்ளையும் இங்கேதான் இருக்கிறார், அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. நிலையத்து எண்ணில் எடுத்தவர், "இன்னைக்கு லீவு நாள், நாளைக்குக் காலையில பேசுங்க" என்றாராம். வெல்டர் அண்ணன் எண் யாரிடமும் இல்லை.

அம்மா பையைக் கையில் கொடுத்து, "எழுதினது போதும், கிளம்புங்க" என்கிறாள். நானும் மாப்பிள்ளையும் எட்டரை பஸ்ஸில் வருகிறோம். போய்ச் சேர மாலை ஆகும். இந்தக் கடிதத்தைத் தபாலில் போடப்போவதில்லை. வாசலில் எங்களை உள்ளே விடமாட்டார்கள். காகிதத்தை விடுவார்கள். அதற்காகத்தான் பெரிய பெரிய எழுத்தாக எழுதுகிறேன், எடுத்துக்கொண்டு ஓடுகிறவனும் படித்துக்கொண்டே ஓட வேண்டும் என்று.

தண்ணீரை நிறுத்தச் சொல். முதலில் அதைச் சொல்.

கடிதம் என்றால் கடைசியில் சுகம் விசாரிக்க வேண்டும். நீ இப்போது மேசையில் உட்கார்ந்திருக்கிறாயா, நின்றுகொண்டிருக்கிறாயா? தண்ணீர் எவ்வளவு ஏறியிருக்கிறது? உனக்குப் பின்னால் இருப்பது எந்தச் சுவர்?

பதில் எழுத வேண்டாம். வெளியே வந்துவிடு.

அப்பா